நீலப் பட்டை நிற்கும் தெரு

மூன்றாவது முறையாக அந்தப் பெண் வந்திருந்தாள். மேலக்கரடு மின்பகிர்வு அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் இருந்தவர் இந்த முறை தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எங்க தெருவுக்கு மட்டும் ஏன் சார் தெனமும் நிறுத்துறீங்க?"

"எல்லாத் தெருவுக்கும்தாம்மா நிக்குது. ஊருக்கே கரண்ட் பத்தல. மாத்தி மாத்தி நிறுத்துறோம்."

"மேட்டுத் தெருவுல கேட்டுட்டுத்தான் வர்றேன். அங்க போன மாசம் முழுக்க ரெண்டே தடவை. எங்களுக்கு நேத்து மட்டும் ரெண்டு தடவை."

"வேணும்னு யாரும்மா பண்ணப் போறாங்க? உங்க தெரு பேருகூட எனக்குத் தெரியாது. என்ன பேரு?"

"அக்கம்மாள் காலனி."

குடிநீர்க் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்த ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயரை அவளுக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கு ஒருநாளும் போனதில்லை, அங்கே யாரையும் தெரியாது. ஆனால் பிப்ரவரியில் வேலை செய்த நாட்களில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது அந்தப் பெயரைத் திரையில் பார்த்திருக்கிறாள். பாட்டில் நிரம்பி வழிந்து கையை நனைத்தபோதுதான் எங்கே பார்த்தோம் என்பது புரிந்தது.

மேலக்கரட்டில் சித்திரை வெயிலுக்குப் பயந்து ஆட்கள் வீட்டுக்குள் முடங்கியது ஒரு காலம். இப்போது வீடும் காப்பாற்றுவதில்லை. காற்றில் சூடும் ஈரமும் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டிவிட்டால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பின் உள்சூடு இறங்காது. அரசாங்கம் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த சின்ன ஏசி ஓடும்வரைதான் உயிர். ஆனால் அத்தனை ஏசிக்கும் ஊருக்கு வரும் மின்சாரம் போதாது. சுமை எல்லையைத் தொடும்போது, ஊரில் தெருவுக்கு ஒன்றாக உள்ள அறுபத்துநான்கு மின்பாதைகளில் ஒன்றை நாற்பது நிமிடம் நிறுத்தியாக வேண்டும். பத்து நிமிடத்துக்குள் நிறுத்தாவிட்டால் மொத்த ஊரும் தானாக அணைந்துவிடும். எதை நிறுத்துவது என்று இயந்திரமே முடிவு செய்யக் கூடாது, ஒரு மனிதர்தான் தேர்ந்தெடுத்து அழுத்த வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன் விதி வந்திருந்தது.

அந்த மனிதர்கள் மூன்று பேர். மின்பாதை ஆய்வாளர்கள். ஆளுக்கொரு கைக்கணினி. அதில் யாரோ எப்போதோ எழுதிவைத்த ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் ஒன்று ஓடும்: கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. மின்பாதையின் எண்ணைத் தட்டி, காரணத்தைத் தட்டி, கடைசியில் 'ஆம்' என்றும் எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். வியர்த்த விரலுக்கு அந்தக் குட்டி விசைகள் படியவில்லை. ஜனவரியில் ஒருவர் 417க்குப் பதிலாக 471 தட்ட, ஒரு பிரசவ விடுதி இருபது நிமிடம் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. அதன்பிறகுதான் ஒப்பந்த நிரலாளரான ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள். ஸ்கிரிப்டில் கை வைக்க வேண்டாம், அதன்மேல் ஜன்னலும் பொத்தானும் மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றார்கள்.

நான்கு நாள் வேலை. அவளுக்கு அதில் பெருமைதான். எண்களை எடுத்துவிட்டுத் தெருப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கினாள். கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சையில் 'நிறுத்து' என்று ஒரு பொத்தான் வைத்தாள். மூத்த ஆய்வாளரான பரக்கத் அலி இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணாடி போடாமலே வேலை முடியுதும்மா, நல்லா இருப்பீங்க" என்று வாழ்த்தியதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

பட்டியலைத் திறந்தால் ஏதாவது ஒரு வரி தேர்வாகி நீலப் பட்டையில் இருக்க வேண்டும். முதல் வரியில் வைத்தாள். முதல் வரி அக்கம்மாள் காலனி.

பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பின்னால் வாசல்வரை ஓடினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். உங்க பேரு?"

"சந்தனமாரி." ஜவுளிக் கிடங்கு ஒன்றின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. வயது நாற்பது இருக்கும். "நீங்க இங்க ஆபீசரா?"

"இல்லக்கா. கம்ப்யூட்டர் வேலை. உங்க தெருவுல... யாருக்காவது எதாவது..."

சந்தனமாரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு பேரு போயிட்டாங்க. எதுத்த வீட்டு டெய்லர் குமரேசன். கடைசி வீட்டுல ஏழு மாசக் குழந்தை. அப்புறம் என் கூடப் பொறந்தவ. பங்குனில. எங்க வீட்டுக்காரரு வாதம் வந்து படுத்த படுக்கையா கெடக்காரு மேடம். நான் வேலைக்குப் போனா வீட்டுல அவரு மட்டும்தான். கரண்ட் எப்ப நிக்கும்னு நெனச்சுக்கிட்டே பெட்டி அடுக்குறேன்."

நிறுத்தங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டுக் கோப்பைத் திறக்க ஜெசிந்தாவுக்கு ஒரு மணி நேரம் தைரியம் வரவில்லை. திறந்தபோது எண்ணக்கூடத் தேவையில்லாமல் தெரிந்தது. மார்ச் முதல் நூற்றுப் பதினெட்டு நிறுத்தங்கள். அதில் எழுபத்தொன்று அக்கம்மாள் காலனி.

"முன்னாடி எப்படி பாய் மாத்தி மாத்தி நிறுத்தினீங்க?" என்று பரக்கத் அலியைத் தொலைபேசியில் கேட்டாள்.

"அதுக்கென்ன, திரையில மேலயே வருமேம்மா. 'கடைசியாக நிறுத்தியது 417'னு. நாங்க 418 தட்டுவோம். அவ்வளவுதான். இப்ப அதுவே தெருவைக் காட்டுது, அழுத்திடறோம்."

அந்த வரி அவளுக்கு ஞாபகம் இருந்தது. புது ஜன்னலில் அது இடத்தை அடைத்துக்கொண்டு அசிங்கமாகத் தெரிந்ததால் அவள்தான் மறைத்தாள். அந்த ஒற்றை வரிதான் ஊரின் முறை என்று யாரும் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

கோட்டப் பொறியாளர் தணிகாசலம் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"அழுத்தினது ஆய்வாளர்கள்தானே?"

"ஆமா சார். ஆனா அவங்களைக் கேட்டா மெஷின்தான் அந்தத் தெருவைக் காட்டுச்சுங்கறாங்க. அவங்க தேர்ந்தெடுக்கலை. பட்டியல்னு இருந்தா ஒரு வரி தேர்வாகி இருக்கணுமேன்னு நான் வச்சேன். நானும் தேர்ந்தெடுக்கலை."

"அப்ப யாரும் பண்ணல." அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"மூணு பேர் செத்திருக்காங்க சார்."

"வெயில்ல ஊரெல்லாம் சாகுறாங்க ஜெசிந்தா. இதை எழுத்துல கொண்டுவந்தா உங்க பேருதான் முதல்ல வரும், யோசிச்சுக்கோங்க. பேசாம அந்த நீலப் பட்டையை எடுத்துடுங்க. மெஷின் எதையும் காட்ட வேண்டாம். விதியும் அதைத்தான் சொல்லுது. மனுஷன் தேர்ந்தெடுக்கட்டும்."

"முறைப்படி அடுத்த தெருவைக் காட்டலாமே சார்?"

"முதல்ல நான் சொன்னதைச் செய்யுங்க."

செய்தாள். பட்டியலில் எந்த வரியும் தேர்வாகாமல், வரிசை ஒவ்வொரு முறையும் கலைந்து வருமாறு மாற்றினாள். மறுநாள் புதிய வடிவம் ஓடுவதைப் பார்க்கத் துணை மின்நிலையத்துக்குப் போனாள். தகரக் கொட்டகைக்குள் பரக்கத் அலி ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டேகால் மணிக்குக் கைக்கணினி அலறியது. திரையின் மூலையில் பத்து நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அவர் விரலை வைத்துப் பட்டியலை மேலே தள்ளினார். பிறகு கீழே. மறுபடி மேலே.

"என்ன பாய்?"

"பாக்குறேம்மா. மில் ரோடு... அங்க என் மச்சினன் வீட்டுல பச்ச உடம்புக்காரி இருக்கா. தச்சர் வீதி... மருந்துக் கடைக்காரரோட அப்பாவுக்கு இப்பத்தான் நெஞ்சுல ஆபரேஷன். பள்ளிவாசல் தெருவை எப்படித் தொட? ராணி சத்திரம்... அங்க கவுன்சிலர் வீடு."

"அஞ்சு நிமிஷம்தான் பாய் இருக்கு."

"தெரியுது." அவர் நெற்றியிலிருந்து வியர்வை திரையில் சொட்டியது. துடைத்தார். துடைத்த வேகத்தில் ஏதோ ஒரு வரி தேர்வாகிவிட, நெருப்பைத் தொட்டதுபோல் அதை நீக்கினார். "நாப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். எந்தத் தெருவுல எனக்கு ஆளில்ல? நீங்க வெளியூரு. நீங்க சொல்லுங்கம்மா, எதை அழுத்த?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அறுபத்துநான்கு பெயர்களும் அவளுக்கு மனப்பாடம். ஒன்றுகூட வாயில் வரவில்லை. அக்கம்மாள் காலனி என்ற பெயர் மட்டும் நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கடிகாரம் சுழியத்துக்கு வந்தது. கொட்டகையின் விசிறி மெதுவாகி நின்றது. மின்மாற்றிகளின் ரீங்காரம் ஒவ்வொன்றாக அடங்க, அப்படி ஓர் அமைதியை அவள் அந்த ஊரில் அதுவரை கேட்டதில்லை. மொத்த ஊரும் அணைந்துவிட்டது. மீட்டெடுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அன்றைக்கு எத்தனை பேர் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் செய்தித்தாளில் ஐந்து என்று போட்டிருந்தது.

தணிகாசலம் கத்தவில்லை. "ஏதாவது ஒண்ணைக் காட்டித் தொலையட்டும்" என்றார் களைத்துப்போன குரலில். "உங்க முறையையே போடுங்க."

இம்முறை கவனமாக எழுதினாள். பெயர்களை மறுபடி அகர வரிசையில் அடுக்கினாள். போன தடவை பட்டை காட்டிய தெரு எதுவோ அதற்கு அடுத்த தெருவில் நீலப் பட்டை போய் நிற்கும். பிடிக்காவிட்டால் ஆய்வாளர் மாற்றிக்கொள்ளலாம். அந்த உரிமையை விதிப்படி எடுக்க முடியாது. எல்லாம் முடிந்ததும் சந்தனமாரியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சரி பண்ணியாச்சுக்கா. இனிமே அறுபத்துநாலு தடவைக்கு ஒரு தடவைதான் உங்க தெரு வரும்."

"என்ன கோளாறு மேடம்?"

"ஒரு சின்ன... கம்ப்யூட்டர் கோளாறு."

மறுமுனையில் அந்தப் பெண் அழுதாள். நன்றி சொன்னாள். ஜெசிந்தா கைப்பேசியை வைத்தாள்.

மூன்று வாரம் அவள் பதிவேட்டைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்ததற்கு வேலை அதிகம் என்று காரணம் சொல்லிக்கொண்டாள். மே கடைசியில் ஒப்பந்தம் முடியும் நாளில் அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்பதால் திறந்தாள். தொண்ணூறு நிறுத்தங்கள். முப்பத்தெட்டில் நீலப் பட்டை நின்ற தெருவையே அழுத்தியிருந்தார்கள். மீதி ஐம்பத்திரண்டில் ஆய்வாளர்கள் பட்டையை நகர்த்தியிருந்தார்கள். அந்த ஐம்பத்திரண்டில் முப்பத்துமூன்று அக்கம்மாள் காலனி.

தன் நிரலில்தான் பிழை என்று நினைத்து இரண்டு தடவை சோதித்தாள். பிழை இல்லை. பட்டை ஒழுங்காக அடுத்தடுத்த தெருவில்தான் நின்றிருந்தது. யாரோ விரலால் அதை எடுத்து, பட்டியலின் மேல்வரை தள்ளிக்கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மூன்று ஆய்வாளர்களும்.

பரக்கத் அலியைத் தேநீர்க் கடையில் பிடித்தாள். அவர் மறுக்கவில்லை.

"மில் ரோட்டைத் தொட்டா மச்சினன் பேசுறான். தச்சர் வீதியைத் தொட்டா மருந்துக் கடைக்காரர் பேசுறாரு. ராணி சத்திரத்தைத் தொட்டா கவுன்சிலர் பெரிய சாரைக் கூப்பிட்டு, அவரு எங்களைக் கூப்பிடறாரு. அந்தக் காலனியில இருந்து யாரும்மா எங்களுக்கு ஃபோன் பண்றாங்க? அங்க எங்க மூணு பேருக்குமே ஆளில்ல."

"அங்கயும் மனுஷங்கதானே பாய்?"

"இல்லைன்னு சொன்னேனா?" அவர் கிளாசைக் கீழே வைத்தார். "ராத்திரி தூக்கம் வராம நானும்தான் கெடக்கேன். நம்பரா இருந்தப்ப எது யார் தெருன்னு எங்களுக்கே தெரியாது. 417க்கு அப்புறம் 418. மச்சினன் கேட்டாக்கூட 'முறை வந்துச்சுப்பா'ன்னு சொல்லுவேன், அவனும் விட்டுருவான். நீங்க பேரைப் போட்டுக் கொடுத்தீங்க. பேரைப் பார்த்தா மூஞ்சி ஞாபகம் வருது."

"திரும்ப நம்பராவே மாத்திடட்டுமா?"

"இனிமே மாத்தி என்னம்மா? நம்பரா மாத்தினாலும் எந்த நம்பர் எந்தத் தெருன்னு கூப்பிடறவங்களே ரெண்டு நாள்ல சொல்லிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஜெசிந்தா அக்கம்மாள் காலனிக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் திட்டம் எதுவும் இல்லை. இரண்டு வரிசையாக முப்பது வீடுகள், எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏழு மாதக் குழந்தையின் வீடு எது என்று கேட்காமலே கடைசிவரை நடந்து திரும்பி வந்தாள். சந்தனமாரியின் வீடு ஒரே அறை. கட்டிலில் அவள் கணவர் வீரணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கால்மாட்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். நீலப் பட்டை, அகர வரிசை, மறைத்த வரி, பிறகு விரல்கள்.

"பேரு முதல்ல வந்துச்சுங்கிறதுக்காகவா?" என்றாள் சந்தனமாரி கடைசியில்.

"முதல்ல அதுக்காக."

"என் தங்கச்சி அதுக்காகவா செத்தா?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. சந்தனமாரி எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

ஜெசிந்தா அதை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது ஏசி நின்றது.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அறையிலிருந்த குளிர்ச்சி கூரை வழியாக யாரோ உறிஞ்சி எடுப்பதுபோல் குறைந்தது. பத்தாவது நிமிடம் காதுக்குப் பின்னால் வியர்வை ஊறி, அப்படியே நின்றது. சந்தனமாரி ஒரு துணியை நனைத்து வீரணனின் மார்பில் விரித்தாள். அவள் கை பழகிய வேகத்தில் இயங்கியது. அவர் மூச்சின் நீளம் குறைய, வாயால் மூச்சு வாங்க ஆரம்பித்தார். கண்கள் பாதி திறந்து எதையோ தேடின. ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருபத்தெட்டு நிமிடம். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

"எப்பவும் இப்படித்தானாக்கா?"

"இன்னிக்கு நான் வீட்டுல இருக்கேன்" என்றாள் சந்தனமாரி.

வீரணனின் தொண்டையில் ஒரு கரகரப்பு எழுந்தது. ஜெசிந்தாவின் கை கைப்பேசியை எடுத்துவிட்டது. யாரை அழைக்கிறோம் என்று தெரிந்தேதான் அழைத்தாள்.

"பாய், நான் ஜெசிந்தா. அக்கம்மாள் காலனியில இருக்கேன். இங்க ஒருத்தருக்கு மூச்சு..."

"அங்கயா இருக்கீங்க?" பரக்கத் அலியின் குரல் பதறியது. "அய்யோ, என்னம்மா நீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தெரிஞ்சிருந்தா வேற தெருவைத் தொட்டிருப்பேனே. இருங்க, இருங்க, இதோ போட்டுடறேன்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. கால்மாட்டில் ஏசி ஒருமுறை செருமிவிட்டு ஓடத் தொடங்கியது. பக்கத்து வீடுகளில் 'வந்துருச்சு, வந்துருச்சு' என்று குரல்கள் கேட்டன. கொஞ்ச நேரத்தில் வீரணனின் மூச்சு நீண்டது. சந்தனமாரி அவர் முகத்தருகே கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"இப்ப எந்தத் தெருவுக்கு நின்னுருக்கும்?"

ஜெசிந்தா சோதனைக்கு வாங்கி இன்னும் திருப்பிக் கொடுக்காத கைக்கணினியைப் பையிலிருந்து எடுத்துப் பதிவேட்டைப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ஊருணிக்கரைத் தெரு."

சந்தனமாரி அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"அங்க எனக்கு யாரையும் தெரியாது" என்றாள்.

அதை அவள் சமாதானமாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. சந்தனமாரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தலையணைக்கடியிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தாள். எண் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெசிந்தாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த பாயோட நம்பரைச் சொல்லும்மா."

ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்தாள். திரையில் ஊருணிக்கரைத் தெருவின்மேல் நீலப் பட்டை நின்றிருந்தது. முப்பத்தெட்டு நிமிடம் பாக்கி.

ஒன்பது என்று தொடங்கினாள்.